‘பயொப்சியில் ஒன்றுமில்லை’: பெருங்குடலின் அரிய கட்டிகளுக்குச் சரியான பெயர் ஏன் முக்கியம்?

பெரியப்பாவின் கோப்பில் இரண்டு பயொப்சி அறிக்கைகள் இருக்கின்றன. நேர்குடலின் உட்சவ்வு சாதாரணமாக உள்ளது, புற்றுநோய்க் கலங்கள் காணப்படவில்லை என்கிறது முதலாவது. பதினொரு மாதம் கழித்து எழுதப்பட்ட இரண்டாவது, குடற்சுவரில் ‘கதிருருக் கலக் கட்டி’ இருக்கிறது, வகையை உறுதிசெய்ய மேலதிக சாயப் பரிசோதனை தேவை என்கிறது.

இரண்டு அறிக்கைகளும் சரியானவைதான். முதலாவதை நாங்கள் தவறாக வாசித்தோம். “ஒண்டுமில்லையெண்டுதானே எழுதியிருக்கு புள்ள” என்று சொல்லிவிட்டு அவர் வயலுக்குப் போய்விட்டார். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். அந்தப் பதினொரு மாதத்தில் கட்டி ஏழு சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். படுவான்கரையில் நெல் விதைப்பவர், பருவத்துக்கு வாவியில் வலை வீசுபவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி இங்கே தேவையில்லை. அவருக்கு வந்த நோய் அரியது. ஆனால் அந்த நோயை அடையாளம் காண்பதில் ஏற்படும் குழப்பம் அரியதல்ல. அதனால் பலருக்கும் உதவக்கூடிய சில விடயங்களை, நிபுணர்களிடம் கேட்டும் மருத்துவ இலக்கியங்களைப் படித்தும் அறிந்தவரையில் தொகுத்துத் தருகிறேன்.

குடற்கட்டி எல்லாம் ஒரே நோயா?

இல்லை. குடற்சுவர் பல படைகளால் ஆனது. உணவும் மலமும் தொட்டுச் செல்லும் பக்கத்தில் இருப்பது உட்சவ்வு. அதன் கீழே குருதிக் கலன்களும் கொழுப்பும் தொடுப்பிழையமும் உள்ள ஒரு படை. அதற்கும் வெளியே, உணவைத் தள்ளிச் செல்லும் மழமழப்பான தசை. இவற்றினூடாக நரம்புகள் ஓடுகின்றன.

‘குடல் புற்றுநோய்’ என்று நாம் பொதுவாகச் சொல்வது உட்சவ்வில் தொடங்கும் நோயை. அதன் பெயர் அடினோகார்சினோமா. பெருங்குடலிலும் நேர்குடலிலும் வரும் புற்றுநோய்களில் 90 வீதத்துக்கும் மேல் இதுதான். இலங்கையில் அதிகம் பதிவாகும் புற்றுநோய்களுள் இதுவும் ஒன்று.

மிகச் சிலருக்கு மட்டும் கட்டி உட்சவ்வில் தொடங்காமல், அதன் கீழேயுள்ள தசை, கொழுப்பு, நரம்பு, தொடுப்பிழையம் ஆகியவற்றில் தொடங்குகிறது. இவையே மென்னிழையக் கட்டிகள். தீங்கற்றவையும் உண்டு, உயிருக்கு ஆபத்தானவையும் உண்டு. ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை மற்றொன்றுக்குப் பயன்படாது. கட்டியின் சரியான பெயர் தெரியும்வரை சரியான சிகிச்சையும் தெரியாது.

முக்கியமான வகைகள்

லிப்போமா: கொழுப்புக் கட்டி, தீங்கற்றது. பெரும்பாலும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் வரும். கொலனொஸ்கோபிக் குழாயால் அழுத்தினால் தலையணைபோல அமுங்கும். சி.ரி. ஸ்கானில் கொழுப்பின் அடர்த்தியே தெரிவதால், பல வேளைகளில் பயொப்சி இல்லாமலே கண்டுகொள்ளலாம். சிறியதைத் தொடத் தேவையில்லை. பெரிதானால் இரத்தம் கசியலாம், அல்லது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் புகுந்து அடைப்பு ஏற்படலாம். அப்போதுதான் அகற்றுவார்கள்.

லெயோமயோமா: மழமழப்பான தசையில் வரும் தீங்கற்ற கட்டி. பெரும்பாலும் வேறு காரணத்துக்காகச் செய்யும் கொலனொஸ்கோபியில் சிறு முளைபோலத் தெரியவரும். அந்த இடத்திலேயே அகற்றிவிடலாம்.

லெயோமயோசார்கோமா: அதே தசையில் வரும் புற்றுநோய். மிக அரியது, வேகமாகப் பரவக்கூடியது. முழுமையாக வெட்டி அகற்றுவதே பிரதான சிகிச்சை. பரவியிருந்தால் டொக்சோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் கொடுக்கப்படும்.

ஷ்வனோமா: நரம்பு உறையில் வருவது. பெரும்பாலும் தீங்கற்றது. அகற்றினால் போதும்.

டெஸ்மொயிட்: நார்த்தன்மையான கட்டி. குடலைத் தாங்கும் சவ்வில் தோன்றிக் குடலை நெரிக்கும். உடலின் வேறு இடங்களுக்குப் பரவாது. ஆனால் இருக்கும் இடத்திலேயே ஆழமாக ஊடுருவும். குடும்ப வழியில் குடலில் நூற்றுக்கணக்கான முளைகள் வரும் நோயுள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். முன்பு உடனே வெட்டினார்கள். வெட்டிய இடத்திலேயே மீண்டும் வருவதால், இப்போது பலருக்கு முதலில் கவனமாகக் கண்காணிப்பதே பரிந்துரைக்கப்படுகிறது.

ஜிஸ்ட்: பெரியப்பாவுக்கு வந்தது இது. குடல் தானாக அசைவதற்குத் தாளம் போடும் காஜல் கலங்கள் என்றொரு வகை குடற்சுவரில் உண்டு. ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி ரமோன் இ காஜலின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. அந்தக் கலங்களிலிருந்தோ அவற்றின் முன்னோடிக் கலங்களிலிருந்தோ தோன்றுவதே ஜிஸ்ட். ஏறத்தாழ 60 வீதம் இரைப்பையிலும், 30 வீதம் சிறுகுடலிலும், 5 வீதமளவில் பெருங்குடலிலும் நேர்குடலிலும் வருகின்றன. அந்த ஐந்திலும் கூடுதலானவை நேர்குடலில்.

உலக அளவில் பத்து இலட்சம் பேருக்கு ஆண்டுக்கு 10 முதல் 15 பேரளவில் ஜிஸ்ட் கண்டறியப்படுகிறது. இந்த வீதம் நமக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 2 கோடி 20 இலட்சம் மக்களுள்ள இலங்கையில் ஆண்டுக்கு 220 முதல் 330 பேர். அவர்களில் பெருங்குடல், நேர்குடலில் வருவது பத்துப் பதினைந்து பேருக்கு. ஒரு வைத்தியர் தன் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளையே பார்த்திருப்பார். அதனால்தான் இது எளிதில் தவறவிடப்படுகிறது.

முதல் பயொப்சி ஏன் ‘சாதாரணம்’ என்றது?

கொலனொஸ்கோபியின்போது குழாயினூடாகச் செலுத்தப்படும் சிறு கவ்வி, உட்சவ்வின் மேற்பகுதியைத்தான் கிள்ளி எடுக்கும். அடினோகார்சினோமா அங்கேயே தொடங்குவதால் அகப்பட்டுவிடும். மென்னிழையக் கட்டியோ அதற்குக் கீழே இருக்கிறது. மேலே உட்சவ்வு வழுவழுப்பாக, புண்ணில்லாமல், கட்டியை மூடிய போர்வைபோல இருக்கும். சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டு உள்ளே கறையான் இல்லை என்று முடிவெடுப்பதைப் போன்றதுதான் நாங்கள் செய்தது.

கொலனொஸ்கோபி அறிக்கையில் ‘உட்சவ்வுக்குக் கீழான வீக்கம்’ என்ற பொருளில் ஒரு வரி இருந்து, பயொப்சி ‘சாதாரணம்’ என்று வந்தால், பரிசோதனை முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். அடுத்த கட்டம் மூன்று வழிகளில் நடக்கும்.

முதலாவது, சி.ரி. ஸ்கான். கட்டியின் அளவு, எங்கிருந்து வளர்கிறது, ஈரலுக்கோ வயிற்றறைக்கோ பரவியிருக்கிறதா என்பது தெரியும். நேர்குடல் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. இன்னும் தெளிவு. மலவாசலைக் கட்டுப்படுத்தும் தசைக்கும் கட்டிக்கும் எவ்வளவு தூரம் என்பதை அது காட்டும். இரண்டாவது, எண்டோஸ்கோபிக் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவி. கட்டி குடற்சுவரின் எந்தப் படையில் இருக்கிறது என்பதை இது சொல்லும். மூன்றாவது, அந்தக் கருவியின் வழிகாட்டலில் ஊசி செலுத்திக் கட்டியின் உள்ளிருந்து இழையம் எடுப்பது.

எல்லாக் கட்டிக்கும் ஊசி தேவையில்லை. முழுமையாக அகற்றக்கூடிய சிறு கட்டியானால் நேரடியாகவே சத்திரசிகிச்சை செய்வார்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பு மருந்து கொடுப்பதாக இருந்தால், அல்லது சத்திரசிகிச்சை பெரிய பாதிப்பை உண்டாக்கும் என்றால், முதலில் பெயர் தெரிந்தாகவேண்டும்.

‘கதிருருக் கலம்’ என்பது நோயின் பெயரல்ல

நூல் நூற்கும் கதிர்போல நடுவில் தடித்து இரு முனையும் கூராக இருக்கும் கலங்களைக் கதிருருக் கலங்கள் என்கிறார்கள். ஜிஸ்ட், லெயோமயோமா, லெயோமயோசார்கோமா, ஷ்வனோமா, டெஸ்மொயிட் எல்லாமே நுணுக்குக்காட்டியில் ஏறத்தாழ இப்படித்தான் தெரியும். ஆக, அந்த வரி தோற்றத்தைச் சொல்கிறதே தவிர, நோயைச் சொல்லவில்லை.

பிரித்தறிய உதவுவது ஐ.எச்.சி. எனப்படும் சாயப் பரிசோதனை. ஒவ்வொரு வகைக் கலத்திலும் வெவ்வேறு புரதங்கள் உண்டு. அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் சாயத்தை இட்டுப் பார்க்கிறார்கள். சி.டி. 117 எனப்படும் கிட் புரதமும் டொக் 1 புரதமும் நிறம் பிடித்தால் ஜிஸ்ட். டெஸ்மின் போன்ற தசைப் புரதங்கள் மட்டும் நிறம் பிடித்தால் தசைக் கட்டி. எஸ் 100 என்றால் ஷ்வனோமா. கலக்கருவுக்குள் பீற்றா-கட்டெனின் நிறம் பிடித்தால் டெஸ்மொயிட்டின் பக்கம்.

இந்தப் பரிசோதனை எல்லா வைத்தியசாலை ஆய்வுகூடங்களிலும் கிடைப்பதில்லை. எங்கள் விடயத்தில், மெழுகில் பதித்த இழையக் கட்டியை வாங்கிக்கொண்டு நானே இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். சிறு தீப்பெட்டியளவுகூட இல்லாத அந்த மெழுகுத் துண்டைக் கைப்பையில் வைத்து, வழி முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன். விடை வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் வீட்டில் எல்லோரும் ‘கேன்சர்’ என்ற சொல்லைத் தவிர்த்தே பேசினோம். மலவாசலை மூடி வயிற்றில் நிரந்தரமாகப் பை வைப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று தொழில் செய்யும் மனிதருக்கு அதுதான் பெரும் பயம். “பை வைச்சித்தான் இருக்கணுமெண்டா எனக்கு ஒப்பரேசன் வேணாம் புள்ள” என்றார்.

பதில் ஜிஸ்ட் என்று வந்தது. அந்தப் பெயர் அவருடைய சிகிச்சையின் வரிசையையே மாற்றியது.

ஒரு மாத்திரையின் வரலாறு

ஜிஸ்ட் என்ற நோய் புதிதல்ல, பெயர்தான் புதிது. 1983ஆம் ஆண்டில் மசூர், கிளார்க் என்ற இரு ஆய்வாளர்கள், தசைக் கட்டி என்று எண்ணப்பட்ட சில இரைப்பைக் கட்டிகளில் தசைக்குரிய அடையாளங்கள் இல்லை என்று காட்டினார்கள். அதற்கு முன்பும், பின்னரும் பல ஆண்டுகளாகவும், இவை லெயோமயோசார்கோமா என்றே பெயரிடப்பட்டு அதற்குரிய கீமோ கொடுக்கப்பட்டது. அது ஏறக்குறைய யாருக்கும் பலன் தரவில்லை. பரவிய நோயுள்ளவர்கள் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டளவே உயிர்வாழ்ந்தார்கள்.

1998இல் ஜப்பானைச் சேர்ந்த ஹிரோத்தாவும் குழுவினரும், இந்தக் கட்டிகளில் கிட் என்ற பரம்பரையலகில் விகாரம் இருப்பதைக் கண்டறிந்தார்கள். கலம் பெருகுவதற்கான ஆளி எப்போதும் ‘ஒன்’ நிலையிலேயே சிக்கிக்கொண்டது போன்ற நிலை அது. அந்த ஆளியை மூடக்கூடிய இமாற்றினிப் என்ற மருந்து, வேறொரு இரத்தப் புற்றுநோய்க்காக அப்போது பரிசோதிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், ஜிஸ்ட் பரவி வேறு வழியில்லாதிருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் விரைவாகச் சுருங்கின. 2002 பெப்ரவரியில் அமெரிக்கா ஜிஸ்ட்டுக்கு இந்த மருந்தை அங்கீகரித்தது. பரவிய ஜிஸ்ட் நோயாளிகளின் சராசரி ஆயுட்காலம் ஐந்து ஆண்டளவுக்கு உயர்ந்தது.

மருந்து இருந்தும் விலை எட்டாமல் இருந்தது. இங்கே சென்னைக்கு ஒரு பங்குண்டு. இமாற்றினிப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய காப்புரிமையை, 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. அதற்கு அடிப்படையான சட்டப் பிரிவை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை 2007 ஓகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் மேன்முறையீட்டை நிராகரித்தது. நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாவாக இருக்க, இந்தியக் கம்பனிகள் அதே மருந்தை 8,000 ரூபாவளவில் விற்றதாக அக்காலச் செய்திகள் குறிப்பிட்டன. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இமாற்றினிப்பைச் சேர்த்தது.

இதே மாத்திரை லெயோமயோசார்கோமாவுக்கோ ஷ்வனோமாவுக்கோ பயன்படாது. பெயர் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

சிகிச்சை எப்படி நடக்கும்?

பரவாத ஜிஸ்ட்டுக்கு அடிப்படைச் சிகிச்சை சத்திரசிகிச்சையே. வழமையான குடல் புற்றுநோயிலிருந்து இது இரண்டு வகையில் வேறுபடும். ஜிஸ்ட் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது என்பதால், அவற்றைப் பெருமளவில் அகற்றத் தேவையில்லை. ஆனால் கட்டி உடையாமல் முழுதாக எடுக்கவேண்டும். உடைந்தால் கலங்கள் வயிற்றறைக்குள் சிந்தி, நோய் திரும்பும் அபாயம் கூடும்.

கட்டி நேர்குடலில், மலவாசலுக்கு அருகில் இருந்தால், முதலில் பல மாதங்கள் இமாற்றினிப் கொடுத்துச் சுருக்கிய பின்னர் வெட்டுவது ஏற்கப்பட்ட முறை. மலத்தைக் கட்டுப்படுத்தும் தசையைக் காப்பாற்றுவதே இதன் நோக்கம். பெரியப்பா ஒன்பது மாதம் மாத்திரை எடுத்தார். கட்டி ஏழிலிருந்து நான்கு சென்ரிமீற்றராகச் சுருங்கியது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம் வயிற்றில் தற்காலிகப் பை இருந்தது. பிறகு அதையும் மூடிவிட்டார்கள்.

மாத்திரை எடுக்கும்போது கட்டி உடனே சிறிதாகாமல் இருக்கலாம். சி.ரி. ஸ்கானில் அதன் அடர்த்தி குறைந்தாலே மருந்து வேலை செய்கிறது என்று பொருள். அளவை மட்டும் பார்த்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்று முடிவெடுக்கக்கூடாது.

வெட்டிய பின்னர் நோய் திரும்பும் அபாயத்தை நான்கு விடயங்கள் தீர்மானிக்கின்றன: கட்டியின் அளவு, நுணுக்குக்காட்டியில் பிரிவடையும் கலங்களின் எண்ணிக்கை, கட்டி இருந்த இடம், கட்டி உடைந்ததா என்பது. அளவு ஒன்றாக இருந்தாலும் இரைப்பையில் உள்ளதைவிட நேர்குடலில் உள்ளது கூடுதல் அபாயமானது. அபாயம் அதிகமானவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் இமாற்றினிப் மூன்று ஆண்டுகள் கொடுக்கப்படுகிறது. 2012இல் வெளியான ஸ்கண்டிநேவிய-ஜேர்மன் ஆய்வில், ஒரு ஆண்டு எடுத்தவர்களில் 82 வீதமானோரும், மூன்று ஆண்டு எடுத்தவர்களில் 92 வீதமானோரும் ஐந்து ஆண்டின் முடிவில் உயிருடன் இருந்தார்கள். பரவிய நோயுள்ளவர்கள் பலன் இருக்கும்வரை மாத்திரையைத் தொடரவேண்டும்.

கிட் விகாரத்திலும் வகைகள் உண்டு. சிலவற்றுக்கு இமாற்றினிப்பின் அளவைக் கூட்டவேண்டும். பி.டி.ஜி.எப்.ஆர்.ஏ. என்ற வேறொரு பரம்பரையலகில் ஏற்படும் ஒரு விகாரத்துக்கு இமாற்றினிப் வேலை செய்யாது. வசதியிருந்தால் விகாரப் பரிசோதனை செய்வது அதனால்தான். இமாற்றினிப் பலிக்காமல் போனால் சுனிற்றினிப், ரெகோரபெனிப் போன்ற அடுத்தகட்ட மருந்துகள் உள்ளன.

பக்கவிளைவுகளாகக் கண்ணைச் சுற்றி வீக்கம், குமட்டல், தசைப்பிடிப்பு, வயிற்றோட்டம், இரத்தச்சோகை வரலாம். சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீருடன் எடுத்தால் குமட்டல் குறையும். கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாது. வேறு மருந்துகளும் நாட்டு மருந்துகளும் இதோடு மோதக்கூடும் என்பதால், எதை எடுத்தாலும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லவேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து போகும் ஒருவருக்கு

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. மேலதிக சிகிச்சைக்கு மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவோரும் உண்டு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்கு நகரத்துக்கு வருவது இலகுவாகிவிட்டது. ஆனாலும் கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு கிளினிக் நாளும் ஒரு நாள் சம்பள இழப்பு. அதனால்தான் ‘சாதாரணம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் திரும்பிப் போவதில்லை.

மலத்தோடு இரத்தம் போவது பெரும்பாலும் மூலத்தால்தான். ஆனால் மூலம் என்று முடிவெடுக்க வேண்டியவர் வைத்தியரே. பெரியப்பா ஒன்றரை வருடம் மூலத்துக்கென்று நாட்டு மருந்து சாப்பிட்டார். தொடர்ந்து இரத்தம் போனாலோ, மலம் கழிக்கும் வழக்கம் மாறினாலோ, காரணம் தெரியாத இரத்தச்சோகை இருந்தாலோ, கீழ்வயிற்றில் கனம் இருந்தாலோ பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கட்டி இருப்பதாகச் சொல்லப்பட்டால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: கட்டி உட்சவ்விலா, அதற்குக் கீழேயா? பயொப்சி எடுத்தது கட்டியிலிருந்தா, மேலிருக்கும் சவ்விலிருந்தா? ஐ.எச்.சி. செய்யப்பட்டதா, கட்டியின் முழுப் பெயர் என்ன? வெட்டுவதற்கு முன் மருந்தால் சுருக்க முடியுமா? அடுத்த ஸ்கான் எப்போது?

எல்லா அறிக்கைகளையும் ஸ்கான் படங்களையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். மெழுகில் பதித்த இழையம் எந்த ஆய்வுகூடத்தில், எந்த இலக்கத்தில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் புதிய பரிசோதனை செய்யமுடியும். 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. மாத்திரை முடிவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே அடுத்ததைப் பற்றி விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால் தாங்களாகவே அளவைக் குறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பெரியப்பாவுக்கு மாத்திரை இரண்டாவது வருடம் நடக்கிறது. கண்ணைச் சுற்றிக் கொஞ்சம் வீக்கம் இருக்கிறது. இந்தப் போகம் அரைவாசி வயலைத்தான் விதைத்தார். தண்ணீருக்குள் இறங்க வைத்தியர் இன்னும் சில மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த சி.ரி. ஸ்கான் அடுத்த மாதம். அறிக்கை வந்ததும் முதல் வரியோடு நிறுத்தாமல் கடைசி வரிவரை வாசித்துக் காட்டவேண்டும் என்று என்னிடம் சொல்லிவைத்திருக்கிறார்.